பெருக்கல் குறி போட்ட தையல்காரர்

மார்ச் 3, செவ்வாய்

சிறுவர் கணிதப் புத்தகத்துக்கு நூறு வினோதத் தகவல்கள் வேண்டும். காலை முழுவதும் பை எண்ணோடு போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மனிதர் வருடக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே 707 தசம இடங்கள் வரை போட்டிருக்கிறார். 528ஆவது இடத்தில் சறுக்கல். அதற்குப் பிறகு எல்லாம் தப்பு. அவர் போய்ச் சேர்ந்து அறுபது வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். பாவம் மனுஷன்.

மதியம் முதலாளி கூப்பிட்டார். நம் புத்தகங்களை எவனோ அப்படியே காப்பி அடித்து விற்கிறானாம். "நடுவுல ஒரே ஒரு பொய் வைங்க. அது அவன் புத்தகத்துலயும் வந்துச்சுன்னா ஆள் மாட்டினான்."

நானோ பதிப்பகத்தில் தகவல் சரிபார்ப்பவள். பதினோரு வருடமாகப் பொய்யைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மார்ச் 5, வியாழன்

ஒரு பொய் சொல்ல இவ்வளவு பாடா? உண்மைகளே புளுகு மாதிரி இருக்கும்போது நான் எதைப் புளுகுவது? உலகின் மிக உயரமான மலையை அளந்தபோது சரியாக 29,000 அடி வந்ததாம். முழு எண்ணை யாரும் நம்பமாட்டார்கள் என்று இரண்டு அடி சேர்த்துச் சொன்னார்களாம். இந்தக் கதைக்கு ஆதாரம் கொஞ்சம் நொண்டுகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

கடைசியில் எழுதினேன்: "பெருக்கல் குறியைத் தந்தவர் ஒரு தையல்காரர். துணியில் தையல் சேரும் இடத்தில் அவர் போட்ட அடையாளமே அது."

உண்மையில் அதைப் பரப்பியவர் ஒரு பாதிரியார். ஆனால் என் பொய்தான் அழகு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் 11, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது. பொய் 64ஆம் பக்கத்தில்.

ஜூலை 20, திங்கள்

வாசகர் கடிதம். எழுதியவர் தையல்காரர். கணக்கென்றாலே காத தூரம் ஓடும் அவர் மகள், 64ஆம் பக்கம் படித்ததிலிருந்து வாய்ப்பாடும் கையுமாக இருக்கிறாளாம். "எங்க தொழில்காரர் ஒருத்தர் கணக்குல இருக்கார்னு எனக்கே இப்பதான் தெரியும்." வெள்ளிக்கிழமை பள்ளி மேடையில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறாளாம்.

கடிதத்தை முதலாளியிடம் காட்டினேன். "மூச்சு விடாதீங்க, அவன் இன்னும் மாட்டல" என்கிறார். என் வீட்டுக்காரர், "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார்.

எனக்குத் தெரியுமே! மேடையில் யாராவது வாத்தியார் எழுந்து கேட்டால் அந்தப் பிள்ளை என்ன பண்ணும்? எவனுக்கோ வச்ச பொறி, யார் கால்ல மாட்டுது பாரு.

ஜூலை 22, புதன்

தையல்காரர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. மெஷினுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் 64ஆம் பக்கம். அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

"அது நானா கட்டிவிட்டது" என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னேன். அவர் ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நிஜமா அது யாரு?"

"ஒரு பாதிரியார்."

"அவர் அங்கியத் தச்சது யாராம்?"

கேலி இல்லை, கோபமாகத்தான் கேட்டார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். "இருக்காதுதான்" என்றார். பிறகு, "பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

பள்ளி விட்டு வந்தாள். சொன்னேன். அழவில்லை. "வேற எதெல்லாம் பொய்?" என்றாள். மற்றதெல்லாம் உண்மை என்றேன். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

ஜூலை 23, வியாழன்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த பதிப்பை வேறொருவர் பார்ப்பாராம். இனி எனக்குப் பார்சல்களில் விலாசம் ஒட்டும் வேலை.

ஆகஸ்ட் 10, திங்கள்

தையல்காரர் மகளிடமிருந்து கடிதம், குண்டு குண்டு எழுத்தில். மேடையில் பெருக்கல் குறியை விட்டுவிட்டு என்னைப் பற்றிப் பேசினாளாம். இரண்டாம் பரிசு. இப்போது நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்க்கிறாளாம். "பக்கம் 31: சமக்குறி அச்சில் வந்த வருடம் 1575 என்று போட்டிருக்கிறீர்கள். 1557 தான் சரி. இதுவும் வேண்டுமென்றே வைத்ததா?"

ஆதார நூலை எடுத்துப் பார்த்தேன். 1557 தான்.

அச்சுப்பிழை என்று பதில் எழுத ஆரம்பித்து, கிழித்துப் போட்டேன். இது பொய் இல்லை, நான் கவனிக்காமல் விட்ட தப்பு என்று எழுதி அனுப்பினேன்.