ஓவர் என்றாயே

என் வீட்டுக்காரிக்கு, நான் சொல்லச் சொல்ல, இங்கே கிடங்கு ஆட்கள் தங்கும் அறையில் பக்கத்துக் கட்டில் சமையல்காரர் எழுதுகிறார். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

அன்றைக்குப் போனில், "மாத்திரையை மறக்காதீங்க, ஓவர்" என்றாய். இது யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். "கீழ்வீட்டு ஹவில்தார் அண்ணன்தான். பட்டாளத்துல ஒயர்லெஸ்ல இப்படித்தான் பேசுவாங்களாம். குழாய் ரிப்பேர் பண்ண வந்தார்" என்று சிரித்தாய். அண்ணனாம், அண்ணன்! கல்யாணத்தன்று நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "தள்ளி உக்காருங்க." மறக்கவில்லை. எனக்கு அது, அவருக்கு மட்டும் அண்ணனா! ஓவர் என்றால் முடிந்தது என்றுதானே அர்த்தம் என்று போனை வைத்துவிட்டேன்.

நேற்று கிடங்கு வாசலில் காவலுக்கு நின்றபோது, சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில் "ஓவர்" என்றார். அதையும் அணைத்துவிட்டேன். ஓடி வந்தார்.

"என்ன பெரியவரே! ஓவர்னா நான் சொல்லிட்டேன், இனி நீங்க பேசுங்க, காத்திருக்கேன்னு அர்த்தம். பேச்சு முடிஞ்சாத்தான் அவுட்."

அப்படியென்றால் அன்றைக்கு நீ காத்துக்கொண்டா இருந்தாய்?

குழாய் மறுபடி ஒழுகினால் அடியில் குடத்தை வை. யாரையும் கூப்பிடாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். என் நீல ஸ்வெட்டரை அனுப்பு. சமையல்காரருக்கு அடுப்பு பற்றவைக்க நேரமாகிவிட்டது.

ஓவர்.