ஒன்றாம் வகுப்பில் ஒரு பெரிய பெண்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம்தான், நீயும் மாப்பிள்ளையும் நம் வாயாடிப் பேத்தியும் அங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்கிறாள். எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, எல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்தால்.

மீன் பதப்படுத்தும் ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து குடும்பங்கள் வந்திருப்பதைச் சொன்னேனே, அவர்கள் பிள்ளைகளை எங்கள் அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். நல்லதுதானே. ஆனால் இங்கத்திய எழுத்து தெரியாது என்று, வயதுகூடப் பார்க்காமல், எல்லோரையும் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார் தலைமையாசிரியர். அதில் ஒருத்திக்குப் பதினோரு வயது. முழங்கால் மேசையில் இடிக்கக் குட்டி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். என் ஆறாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன், என் பிள்ளைகள் பேனாவைத் தேடுவதற்குள் போட்டுவிட்டாள். பேச்சையும் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள், அங்கேதான் வந்தது வினை. டீச்சர் சொல்வதைச் சின்னதுகளுக்குத் தங்கள் மொழியில் சொல்வது அவள், மூக்குத் துடைப்பது அவள், கழிவறைக்குக் கூட்டிப்போவது அவள். ஆறாம் வகுப்புக்கு அனுப்புங்கள் என்று கேட்டால், அவளை எடுத்துட்டா இந்தப் பட்டாளத்தை நான் எப்படி சார் மேய்க்கிறது என்கிறார் ஒன்றாம் வகுப்பு டீச்சர். தலைமையாசிரியரோ, அந்தப் பொண்ணு சந்தோஷமாத்தானே இருக்கா, இந்த வருஷம் ஓடட்டும் சார் என்கிறார். யாருக்கு சந்தோஷம்? அவள் அப்பா வேறு, அங்கே உட்கார்ந்து என்ன ஆகப்போகுது, அடுத்த மாசம் மீன் கழுவ வரட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்றுக் காலை நானே போய் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைத்தேன். பின்னம் நடத்தினேன், அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மத்தியானமே ஆள் அனுப்பிவிட்டார்கள், கீழே சின்னதுகள் ஒரே அழுகை என்று. யாரும் சொல்லாமலே அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். கதவு வரை போனவள் திரும்பி, எல்லாருக்கும் நான் சொல்லிக் குடுக்கிறேன், எனக்கு எப்போ சார் பாடம் என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது அம்மாடி. திங்கட்கிழமை மறுபடி கூட்டிவரத்தான் போகிறேன், என்ன செய்துவிடுவார்கள் பார்க்கலாம். உங்க கோபத்தை ஸ்கூல் வாசல்லயே விட்டுட்டு வாங்க என்கிறாள் உன் அம்மா, ஆனால் அவளும்தான் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

போன வாரம் போனில் நீ எவ்வளவு பெருமையாகச் சொன்னாய், அந்த வெளிநாட்டுப் பள்ளியில் நம் ஆட்களின் பிள்ளை யார் புதிதாக வந்தாலும் வாயாடி பக்கத்தில்தான் உட்கார வைக்கிறார்கள், டீச்சருக்கே அவள்தான் வலதுகை என்று. நானும் பூரித்துப்போய்த் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அந்தப் பெருமையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இது கையில் கிடைத்ததும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போ. அவள் வலதுகையாக இருக்கிற நேரத்தில் பாடம் யார் படிக்கிறார்கள் என்று கேள். சிரித்துப் பேசி அனுப்பப் பார்ப்பார்கள், பதில் வராமல் எழுந்து வந்துவிடாதே.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று உடனே போன் செய்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
கோபக்கார அப்பா