குறட்டை நிற்கும்போது

12.8.2007, ஞாயிறு

மாலையில் மனைவி கற்பகத்தையும் மகள் சுதாவையும் உட்காரவைத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தூக்கத்தில் தொண்டை அடைத்து எனக்கு மூச்சு நின்றுபோகிறது. மில்லில் கிரேன்மேல் உட்கார்ந்தபடியே கண் சொக்குவது அதனால்தான். இனி தினமும் மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். கையோடு வாங்கி வந்திருக்கும் மெஷின் காற்றை உள்ளே தள்ளும்.

"கொறட்டைக்குப் போயி இன்னாத்துக்கு மெஷினு?" என்றாள் கற்பகம்.

குறட்டை கேட்கிறவரை பயமில்லை, அது நிற்கும்போதுதான் மூச்சில்லை என்றேன்.

"சத்தம் நின்னாத்தான நாங்களே கண்ணு மூடுவோம். அப்பாடா, இப்பதான் அசந்து தூங்குறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேனே" என்றாள்.

புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் எழுந்து போய் மெஷினைப் பெட்டியோடு பரண்மேல் ஏற்றிவிட்டாள். அடுத்த வாரம் ஆரம்பாக்கத்திலிருந்து சுதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பன் சீக்காளி என்று தெரிந்தால் வந்த வழியே போய்விடுவார்களாம். கல்யாணம் முடிந்தபிறகு மாஸ்க்கை மாட்டிக்கொள்ள வேண்டுமாம். எவ்வளவு சொல்லியும் இறக்கவில்லை.

அதற்குப் பதில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குறட்டை நின்றால் என்னை உலுக்கி எழுப்ப, இருவரும் மாறிமாறி விழித்திருப்பார்களாம். எத்தனை நாளைக்கு? விடிந்தால் சுதா கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். படுக்க மனமில்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கற்பகம் தூங்கிவிட்டாள். சுதா என் பாய் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"லைட்ட நிறுத்திட்டு படுப்பா. ஃபர்ஸ்ட் ஷிஃப்டு நான்தான்" என்கிறாள்.