சுபாவின் மீன்களும் சுவிஸ் அலுமாரியும்

யூலை 8, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. விடியும்போதே அடுப்படியில் நிற்கிற மாதிரி வெக்கை. ஹோட்டலில் கடற்கரைப் பக்கத்து அறைகளில் ஏ.சி. ஒன்றும் குளிரவில்லை. வெளி யூனிட்டுகளை உப்பு தின்றுவிட்டது. மனேஜர் தேடினாராம். தேடட்டும்.

வாங்க: கப்பாசிட்டர், அபிக்குச் செருப்பு, நுளம்புத்திரி.

சுபா டெங்குவில் போன பிறகு இந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு நுளம்புத்திரி. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. இளநீர்க் கோம்பை ஒன்று கிடந்தால் ஓடி வந்து கவிழ்க்கிறார்கள். அவள் இருந்தபோது ஒருவரும் கவிழ்க்கவில்லை. நானும்தான்.

பாசிக்குடாவிலிருந்து வரப் பின்னேரமாகிவிட்டது. வனிதா அக்கா சோறு மூடி வைத்திருந்தார். சுபாவின் மூத்த அக்கா. ஒரே வளவில் அடுத்த வீடு. தாய் இல்லாத வீட்டில் சுபாவை வளர்த்தவர் அவர். இப்போது எங்கள் மகள் அபியையும் அவர்தான் பார்க்கிறார். நான் ஏ.சி. பார்க்கிறேன்.

"ரகு சுவிஸ்ல இருந்து கோல் எடுத்தவன், தம்பி. தங்கச்சிட பேரில அவ படிப்பிச்ச நேசரிக்கு ஒரு அலுமாரி குடுக்கப்போறானாம். ஆண்டுத் திவசத்தண்டு திறக்கிற."

"என்ன அலுமாரி?"

"கண்ணாடி அலுமாரி. அவ செஞ்ச விளையாட்டுச் சாமான் எல்லாத்தையும் உள்ளுக்கு வச்சு, மேல அவட படம்."

"உள்ளுக்கு வச்சு?"

"வச்சு என்ன, பூட்டுறதான். இல்லாட்டி சின்னதுகள் உடைச்சுப் போடும்."

சரி என்றேன். ஒரு வருடமாக என் வாயில் வருவது அது ஒன்றுதான். சவப்பெட்டிக்கு எந்த நிறம்? சரி. சாப்பிடுறீங்களா? சரி.

அக்காவின் ஷோகேசில் ரகு மச்சான் அனுப்பிய பொம்மை ஒன்று இருக்கிறது. அபி பிறந்தபோது வந்தது. இன்னும் பொலித்தீனுக்குள். அபி அதைத் தொட்டதில்லை. நல்ல சாமான் என்றால் இங்கே அதற்கு அதுதான் விதி.

யூலை 9, புதன்

காற்று அப்படியே. அபியை நேசரியில் விடப்போனேன். புதுச் செருப்பு கடிக்கிறதாம். கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் இரண்டு தாய்மார்.

"என்ட மகனுக்கு இப்ப ஒரு பக்கம் முழுக்க ஆனா எழுத ஏலும்."

"முந்தி என்னகா, வருசம் முழுக்க மீன் புடிச்சதுகள்தானே."

என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். மற்றவள் என்னைப் பார்த்து அந்தச் சிரிப்பு. துக்கத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிற சிரிப்பு. எரிச்சலாக வந்தது.

மீன் பிடித்ததுகள். ஓம், பிடித்ததுகள். பாயில் அட்டை மீன்கள். வாயில் கிளிப். தூண்டிலில் காந்தம். ஒரு மீனுக்கு ஒரு எழுத்து. பிடித்தால் அந்த எழுத்தில் ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் மீன் உனக்கு. பபிதா 'ப'வுக்குத் தான் தின்கிற 'பணிஸ்' என்று சொல்லிப் பிடித்த மீனைக் கறி வைக்கவென்று வீட்டுக்குக் கொண்டுபோன கதையைச் சுபா இதே ஒழுங்கையில் நடந்துகொண்டே சொல்லிச் சிரித்தாள். அந்தப் பிள்ளைகள் கொப்பியைத் தொடுமுன்னமே கடைப் பலகையை வாசித்ததுகள். அது ஒருவருக்கும் நினைவில்லை.

லோஜி டீச்சர் கூப்பிட்டா. சுபாவின் இடத்துக்கு வந்தவ. சின்ன வயது. அபியின் கொப்பியைக் காட்டினா. எல்லாப் பக்கமும் வெறுமை. ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலால் குத்திய ஓட்டை.

"பென்சிலத் தொடுறாளே இல்ல, அண்ணா. அடுத்த வருசம் ஒண்டாம் வகுப்பு. அங்க எழுத்துக் கேப்பாங்க. தாய் தகப்பன்மார் என்னைத்தான் புடிப்பாங்க."

"மீன் விளையாட்டு?"

"சாக்கில கட்டி உள்ளுக்கு வச்சிரிக்கன். பெற்றார் கூட்டத்தில முடிவு எடுத்தது. நான் என்ன செய்யிற?" பிறகு மெதுவாக, "அலுமாரிக்கு லைட் போடணுமாம். வேற ஆளுக்குக் குடுக்க மனசு வரல்ல. நீங்கதான் செய்யணும்."

சரி.

யூலை 10, வியாழன். போயா

பௌர்ணமிக்கு நேசரி லீவு. நவாஸையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹோட்டலில் என்னோடு வேலை, ஊர் ஓட்டமாவடி. லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் அலுமாரி வந்து இறங்கியது. தேக்கு. ஆள் உயரத்துக்கு மேல். கண்ணாடிக் கதவு இரண்டு.

நவாஸ் சுற்றிப் பார்த்தான். "என்ன மச்சான், நகைக்கடை திறக்கிறீங்களா?"

"பிள்ளைகளின்ட விளையாட்டுச் சாமான் வைக்க."

"புள்ளைகள் எப்பிடி எடுக்கிற?"

"எடுக்கக்கூடாது."

ஒரு கதவைத் திறந்து மூடினான். "எங்கட உம்மாவும் இப்பிடித்தான். வாப்பா சவூதியால கொண்டுவந்த கோப்பை செட். வாப்பா மௌத்தாயிட்டார். இன்னும் ஒருத்தனும் அதில தேத்தண்ணி குடிக்கல்ல. அவரே குடிக்கல்லடா."

சாக்கை அவிழ்த்தேன். உள்ளே:

மீன்கள். சீமெந்து பேக் கடுதாசியை மாப்பசை போட்டு அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த அட்டை.
தூண்டில் காந்தம். பழைய ஸ்பீக்கரில் நான் கழற்றிக் கொடுத்தது.
சேண்ட் பேப்பரில் வெட்டிய எழுத்துகள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவ. ட, ப, ம மூன்றும் தேய்ந்து வழுவழு. ஆனாவிலிருந்து தொடங்காமல் கோடு இழுக்கச் சுகமான எழுத்தில் தொடங்கினாள். அதற்கும் ஊரில் பேச்சு.
வலை மிதவை கோத்த மாலை. வாழைச்சேனைத் துறையில் கேட்டு வாங்கியது.
கடை விளையாட்டுக்கு வெறும் சவர்க்காரப் பெட்டி, பிஸ்கட் பைக்கற்.

அடியில் பாதி வெட்டிய மீன் ஒன்று. பென்சில் கோடு இருக்கிறது, வால் இல்லை.

அது தெரியும். காய்ச்சலோடு இருந்து வெட்டியது. தலையிடிக்குது, கொஞ்சம் பொறுங்க, இதை முடிச்சிட்டு வாறன் என்றாள். பரசிட்டமோல் போட்டுப் போட்டு வெட்டினாள். ஆஸ்பத்திரிக்கு வா என்றதற்கு, நாளைக்கு. செத்த ஆள் மீது கோபப்படலாமா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம். கடுதாசி மீனுக்காக, சுபா.

எல்.ஈ.டி. பட்டி தட்டுக்குத் தட்டு ஓட்டினேன். வயர் வெளியே தெரியாது. வேலை சுத்தம். பூட்டும் நானே வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் மீன்கள் எல்லாம் ஐஸ்பெட்டியில் கிடக்கிற மாதிரி.

நவாஸ் ஸ்க்ரூ டிரைவர்களைப் பைக்குள் போட்டான்.

யூலை 11, வெள்ளி

கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, மனேஜரின் கோல். எல்லாம் ஒரே நேரத்தில்.

பின்னேரம் அபியைக் கூட்டப்போனேன். அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு. பிள்ளைகள் தாண்டக்கூடாது. கவின் காலையில் மரக்கட்டையால் கண்ணாடிக்கு அடித்திருக்கிறான். அபி விடியத் தொடங்கிக் கோட்டுக்கு இப்பால் இருந்தபடி. பாட்டுக்கும் எழும்பவில்லையாம்.

மோட்டார்சைக்கிளில் முன்னால் இருந்துகொண்டு:

"அப்பா, கவின்ட மீன் உள்ளுக்கு."

"ஓம்."

"கேட்டவன். தரமாட்டாங்களாம். அது அம்மாட எண்டு டீச்சர் சொன்ன. அது அம்மாட இல்ல, கவின்ட."

அது அவர்களின் சட்டம். தன் பேரின் முதல் எழுத்து அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். 'க' வேண்டுமென்றால் கவினிடம் கேட்க வேண்டும். 'ப' பபிதாவுடையது. எழுத்துப் படிக்குமுன் கேட்கப் படித்ததுகள்.

"உள்ளுக்கு ஏன் லைட்?"

"வடிவா தெரியத்தான்."

"ஆருக்கு?"

பாலம் வந்தது. வேகத்தைக் கூட்டினேன்.

ரகு மச்சானுக்குப் போன் எடுத்தேன். கதவைப் பூட்ட வேண்டாம், பிள்ளைகள் பாவிக்கட்டும் என்றேன்.

"பாவிச்சா எத்தின நாளைக்கு மச்சான் இரிக்கும்? கடுதாசிதானே."

"கடுதாசிதான். பாவிக்கத்தான் செஞ்சவ."

"நான் செத்தவீட்டுக்கும் வரல்ல. விசா இல்ல. போனிலதான் என்ட தங்கச்சிட முகத்தப் பாத்த. இதையாவது செய்ய விடுங்க."

கோபத்தைப் பிடித்து வைக்க ஒரு ஆள் கிடைக்கிறதில்லை. ஒவ்வொருவரும் அழுகிறார்கள்.

யூலை 13, ஞாயிறு

லீவு. கிணற்று மோட்டர் திருத்தம். வாஷர் போய்விட்டது.

உள்ளே அக்காவின் சத்தம். ஓடிப்போனேன். அபியின் கையைப் பிடித்து, பென்சிலைத் திணித்து, ஆனா எழுதப் பழக்கியிருக்கிறார். அபி கடித்துவிட்டாள். மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது.

"பாருங்க தம்பி. தாய் டீச்சர். புள்ளைக்கு ஒரு எழுத்துத் தெரியாது எண்டு ஊர் சிரிக்குது."

"அவளுக்கு எழுத்துத் தெரியும். அவட எழுத்தைத்தான் நீங்க எல்லாருமாச் சேர்ந்து பூட்டி வச்சிரிக்கிறீங்க."

கத்திவிட்டேன். என் குரல் எனக்கே புதிது. அபி கட்டிலுக்குக் கீழே.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இருந்தார். "அவ உடுத்த துணி எல்லாத்தையும் எரிச்சிட்டம். கை பட்டதெண்டு அந்தச் சாமான்தான் மிச்சம். அதில ஒண்டு உடையிறத என்னால பாக்க ஏலாது, தம்பி. சத்தியமா ஏலாது."

"அபி?"

"அபி வளருவாள். இது திரும்ப வராது."

கழற்றிய மோட்டரைத் திரும்பப் பூட்டாமல் விட்டுவிட்டேன். தண்ணீர் இல்லை. அக்கா இரண்டு வீட்டுக்கும் வாளியால் அள்ளினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யூலை 16, புதன்

நாளைக்குத் திவசம். காலையில் வீட்டில் படையல், பத்து மணிக்கு நேசரி. பந்தல்காரன் கதிரை இறக்கிவிட்டான்.

பிள்ளைகள் போன பிறகு நேசரிக்குப் போனேன். நவாஸ் கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்க, பிணைச்சல்களைக் கழற்றினேன். இரண்டு கதவையும் பழைய பெட்சீற்றில் சுற்றி உள் அறையில் சாய்த்தோம். லைட்டையும் பிடுங்கினேன். சுவரில் சுபாவின் படம் மட்டும். அது இருக்கட்டும். படத்தை எடுக்கச் சொல்ல எனக்கும் தைரியமில்லை.

லோஜி டீச்சர் வாசலில். "அண்ணா, நாளைக்கு ஆக்கள் வருவாங்க."

"வரட்டும்."

"என்னக் கேப்பாங்க."

"நான் கழட்டினது எண்டு சொல்லுங்க."

"சொல்லுவன். உங்கட பேரத்தான் சொல்லுவன். எனக்கு இந்த வேல வேணும்."

"சொல்லுங்க டீச்சர்."

ஈரத் துணி கொண்டுவந்து நிலத்துச் சோக்கை அவவே துடைத்தா. துடைக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. நவாஸ் அங்கால் கிறுகி நின்று சிரிப்பை அடக்கினான்.

யூலை 17, வியாழன். திவசம்

படையலில் சுபாவுக்குப் பிடித்த இறால் இல்லை. திவசத்துக்கு மரக்கறிதானாம். அவள் புடோலங்காய் தின்ன மாட்டாள். இலையில் புடோல்.

நேசரி. அக்கா முன் வரிசையில். கதவில்லாத அலுமாரியைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார். பிறகு முகத்தை வெட்டித் திருப்பிக்கொண்டார். ரகு மச்சான் வீடியோ கோலில், யாரோ போனைத் தூக்கிப் பிடித்தபடி.

நேசரிச் சபைத் தலைவர் பேசினார். அன்னார், அர்ப்பணிப்பு, அணையா விளக்கு. பிள்ளைகள் பாயில் நெளிந்தார்கள். அணையா விளக்கு இரண்டாம் தடவை வரும்போது கவின் எழும்பிப் போய்த் தன் மீனை எடுத்தான். எடுத்துக்கொண்டு வந்து இருந்தான். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அலுமாரிக்கு முன்னால் பிள்ளைகள் குவியல். தலைவர் மைக்கைப் பிடித்தபடி. ஒரு தாய், "டேய், வை, வை."

பாய் நிறைய மீன். "கடல்." "கத்தரிக்காய்." "பணிஸ்." "இவள் எப்பவும் பணிஸ்தான்." அபி சேண்ட் பேப்பர் எழுத்தை மடியில் வைத்து, கண்ணை மூடி, விரலால். வாய் அசைந்தது. போன வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் காணவில்லை. நெஞ்சுக்குள் ஏதாவது வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்போது அந்தச் சத்தம். காய்ந்த அட்டை முறிகிற சத்தம். ஒரு பொடியன் மீனை மிதித்துவிட்டான். பபிதாவின் 'ப'. நடுவால் இரண்டு.

அக்கா எழும்பினார். நானும். எனக்கு அந்தப் பிள்ளையை அடிக்க வேண்டும் போல. எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கில் போட்டு, கதவையும் பூட்டி, திறப்பை ஆற்றில் எறிய வேண்டும் போல. கதவைக் கழற்றியவன் நான். அந்தப் பொடியனின் கையைப் பிடித்தும்விட்டேன். அவன் அழுதான். விட்டேன்.

அபி இரண்டு துண்டையும் எடுத்தாள். என்னைத் தாண்டி அக்காவிடம் போனாள்.

"பெரியம்மா, சீமெந்து பேக் வேணும்."

"உடைஞ்சு போச்சு மகள்."

"ஓம். ஒட்டினா மறுகாலும் முறியும். அம்மா ஒட்டமாட்டா, புதுசு வெட்டுவா. மாப்பசை நீங்க காய்ச்சுங்க. கட்டி இல்லாம."

அக்கா அந்தத் துண்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். போனில் ரகு மச்சான், என்ன நடக்குது, என்ன நடக்குது.

யூலை 19, சனி

ஹோட்டலுக்குப் போகவில்லை. மனேஜரிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பயந்துவிட்டார்.

நேற்று லோஜி டீச்சர் கோல் எடுத்தா. கூட்டம் வைக்கப்போகிறார்களாம். கொப்பியா மீனா என்று கைதூக்கல். நான் வர வேண்டுமாம். போவேன். இந்த முறை சரி சொல்லப் போகவில்லை.

ரகு மச்சான் வனிதா அக்காவோடு மட்டும் கதைக்கிறார்.

பகல் அக்கா வீட்டுப் பக்கம் போனேன். முற்றத்தில் அட்டை காய்கிறது, மேலே கல் வைத்து. அக்கா நிலத்தில் இருந்து வெட்டுகிறார். அபி பக்கத்தில், பழைய துண்டுகளைப் பொருத்தி அளவு காட்டிக்கொண்டு.

"பெரியம்மா, வால் பெருசு."

"பெருசெண்டா பெருசுதான். மீனுக்கு வால் இரிக்கும்."

"பிழைச்சாப் பரவாயில்ல. அத விட்டுட்டு மற்றத வெட்டுங்க."

"உன்ட அம்மாவப்போலக் கதைக்காத."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து வெட்டினார். என்னோடு இன்னும் பேச்சில்லை.