கவிழ்த்த குவளையை நிமிர்த்தியவன் விடுக்கும் ஓலை

நலமே விளைக. கடல்சூழ் தாழை நாட்டின் வேந்தரும் ஏழு துறைகளுக்கு உரியவருமான மாநாகனார் திருமுன்பு, செம்பாறை நாட்டு மன்னன் வல்லுருவன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழையும் மாடும் குடிகளும் குறைவின்றி இருக்க. எம் பெயருக்கு முன்னே வரும் பதினாறு பட்டங்களை எழுத்தன் எழுதத் தொடங்கினான். 'நீதிக்கு நாயகன்' என்ற இடத்தில் யாமே எழுத்தாணியை வாங்கிக்கொண்டோம். இனி வருவது எம் கையெழுத்து, கோணலைப் பொறுத்தருள்க.

தங்கள் தேர்ப்பாகன் அந்துவன் குடித்துவிட்டுத் தேரோட்டி, எம் நகரில் முரசறையும் கூத்தனின் இரு கால்களையும் முறித்தான் என்று, வரும் முழுநிலவு நாளில் அவன் வலக்கையை வெட்டுவிக்கப் போகிறீர்கள் எனக் கேள்வியுற்றோம். வேந்தே, வேண்டாம். அது மறுத்த கை.

போதும் என்பவன் குவளையைக் கவிழ்த்து வைப்பதும், கவிழ்ந்ததைப் பிறர் தொடாதிருப்பதும் எம் நாட்டு வழக்கம். அதை மீறி நிமிர்த்தி ஊற்றியவரே, குடித்தவன் செய்யும் கேட்டுக்குப் பொறுப்பு. அடிபட்டவர் எழுந்து நடக்கும்வரை அவர் தொழிலை ஊற்றியவரே செய்ய வேண்டும். இது மூன்றாண்டுக்கு முன் யாம் செய்த சட்டம். கல்லில் வெட்டியபோது எம் பெயரைச் சற்றுப் பெரிதாகவே வெட்டச் சொன்னோம்.

தங்கள் தூதுக்குழுவுக்கு நண்பகல் விருந்து அளித்தோம். பாகனையும் பந்தியில் அமர்த்தியது எம் பெருந்தன்மை என்று அப்போது எண்ணம். அவன் முதல் குவளையோடு கவிழ்த்துவிட்டு, "போதுஞ் சாமி, நாலு குதிரையப் பிடிக்கணும்" என்றான். எம் கள்ளை ஒருவன் மறுப்பதா என்ற வீம்பில், "ஒரு குவளைக்கு அஞ்சுபவனா நாலு குதிரையை அடக்குகிறான்?" என்று எம் கையாலேயே நிமிர்த்தி ஊற்றினோம். அவை சிரித்தது. மூன்று முறை நிமிர்த்தினோம். மூன்று முறையும் சிரித்தது. மன்னன் ஊற்றியதை அவன் எங்கே கொட்டுவான்? தங்கள் தூதர்கள் நாகரிகம் கருதி இதை மறைத்திருப்பார்கள்.

சட்டம் விற்பவர்க்கே, விருந்தளிப்பவர்க்கு அன்று; காசு வாங்காமல் ஊற்றுவது கொடை எனப்படும் என்று எம் அமைச்சர் பெருந்தேவனார் நீண்ட உரை எழுதித் தந்தார். அழகான உரை. இரண்டு நாள் அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்தோம் என்பதையும் நாணத்தோடு ஒப்புகிறோம்.

மூன்றாம் நாள் கூத்தன் வீட்டுக்குப் போனோம். அமைச்சர் அங்கும் உரையைப் படித்தார். கூத்தன் மனைவி நக்கை, கணவன் காலுக்குப் பற்றுப்போட்ட கையை எடுக்காமலே சொன்னாள்: "கொடையாக் குடுத்தாலும் தேரு கால் மேலதானே ஏறுச்சு சாமி? முரசு அந்தா மாட்டியிருக்கு. வெயில்ல காயவச்சு எடுங்க, இல்லாட்டி சத்தம் வராது."

காயவைத்து எடுத்தோம். நேற்றுமுதல் இந்நகரில் முரசறைபவன் யாமே. முதல் அறிவிப்பு எம் குற்றம். ஐந்தாம் தெருவில் ஒரு கிழவர், "சரியாக் கேக்கலை, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். சொன்னோம்.

ஆகவே அந்துவனை இரு கைகளோடும் விடுவித்தருள்க. தங்களுக்கு ஆணையிட எமக்கு உரிமையில்லை, இது இரப்பு. எம் குடிகளுக்கு ஆணை: விற்றவராயினும் விருந்தளித்தவராயினும் அரியணையில் இருப்பவராயினும், நிமிர்த்தி ஊற்றியவரே பொறுப்பு. கல்லில் இதைச் சேர்த்து, எம் பெயரைச் சிறிதாக்குக.

இங்ஙனம் முத்திரை இட்டோம். மறுமொழி கொண்டுவருவோர் அரண்மனையில் எம்மைத் தேட வேண்டாம்: காலையில் மேலைத்தெரு, மாலையில் கடைவீதி.