வெள்ளிக்கிழமைப் பங்கு

இன்று காலை பாப்பா அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் போட்டுக்கொள்ளப் போகிறாளே என்று ஓடினேன். என் சிவப்புப் பொட்டு அவள் விரலோடு வந்துவிட்டது. அதனடியில் அரக்கு நிறத்தில் இன்னொன்று இருந்தது. உன்னுடையது. குழந்தை பார்க்க வந்த அன்று, முகம் கழுவப் போகும்போது எடுத்து ஒட்டியவள் மறந்துபோய்விட்டாய். அதன் மேலேயே இத்தனை நாளும் என் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறேன், அடியில் நீ இருப்பது தெரியாமல்.

தாமதமாகத்தான் எழுதுகிறேன். உன் விஷயத்தில் எனக்கு எல்லாமே தாமதம்தான்.

காலேஜ் முடித்த கையோடு இரண்டு பேரும் ஒரே வேலையில் சேர்ந்தோம். எந்தக் கிணறு, எந்த போர்வெல், எந்த மதகு, அதில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்பதையெல்லாம் திரட்டி, ஃபோனில் தொட்டால் தெரிகிற மேப்பாக ஆக்கும் வேலை. நீ ஸ்கூட்டியில் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்று வெயிலில் அலைந்து எழுதிக்கொண்டு வருவாய். நான் அரியாங்குப்பத்து வீட்டில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். எண்ணி மாளாத வரிகள், மேப்பில் வரிக்கு ஒரு நீலப் புள்ளி. மொத்தத்தையும் ஏற்றினால் சாதாரண ஃபோன் திணறி நின்றுவிடும். கொஞ்சம் தூர வைத்துப் பார்த்தால் பாகூர் முழுக்க ஒரே நீலத் தடிப்பு. "இன்னாடி இது, ஊருக்கே அம்மை போட்ட மாதிரி கீது" என்று சிரித்தாய்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரே இடத்தில் பல வரிகள் இருந்தால், ஒன்றே திரும்பத் திரும்பப் பதிவாகிவிட்டது என்று கொண்டு, முதல் பெயரை மட்டும் காட்டும்படி செய்தேன். மேப் சட்டென்று திறந்தது. ஆபீசில் பாராட்டினார்கள். அந்தப் பெருமையோடு பிரசவ லீவில் போனேன்.

அவை திரும்பப் பதிவானவை அல்ல. ஒரு கிணற்றுக்கு ஏழு பங்காளிகள், ஏழு கிழமை, ஏழு வரி. பண்டசோழநல்லூரில் உங்கள் கிணறும் அப்படித்தான். அப்பா இறந்தபின் உன் பெயருக்கு மாறியிருந்த வெள்ளிக்கிழமைப் பங்கு அதில் மூன்றாவது வரி. முதல் வரி உன் பெரியப்பா. மேப்பிலேயே தன் பெயர் ஒன்றுதான் இருக்கிறது என்று ஃபோனைத் தூக்கிக் காட்டி, மோட்டார் கொட்டகைச் சாவியைப் பிடித்து வைத்துக்கொண்டார். மற்றவர்கள் சண்டை போட்டுத் தங்கள் முறையை வாங்கிக்கொண்டார்கள். உன் அம்மாவுக்குச் சண்டை போட வராது.

குழந்தை பார்க்க வந்த அன்று நீ சொல்ல வந்தது அதைத்தான். பாப்பாவை மடியில் ஆட்டிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாய். நான் பெரிய மேதாவி போல, புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது எல்லா மேப்பிலும் இருக்கிற தொல்லை என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாய்.

"உனுக்கு அது புள்ளிடி. எங்கம்மாவுக்கு அது வெள்ளிக்கெழம."

பாப்பாவுக்கு ஜுரம் விடட்டும், செய்துவிடுகிறேன் என்றேன். ஜுரம் விட்டது, சளி பிடித்தது. சளி போனதும் தடுப்பூசி. நீ இரண்டு தரம் மெசேஜ் அனுப்பினாய். மூன்றாவது வரவில்லை. உனக்கு மழைக்காலத்துக் காய்ச்சல், நாலே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கா என்று எல்லோரும் தடுத்தார்கள். எல்லோரும் என்று எழுதுகிறேனே, பயந்தது நான்தான். கடைசியாக உன் முகத்தைப் பார்க்கக்கூட வரவில்லை.

உன் காரியம் முடிந்த வாரம் மேப்பைச் சரிசெய்தேன். இப்போது ஒரு புள்ளியைத் தொட்டால் அடியில் இருக்கிறவர்களெல்லாம் இதழ் மாதிரி விரிவார்கள். முதலில் உங்கள் கிணற்றைத் தொட்டேன். ஏழு பேர் விரிந்தார்கள். மூன்றாவதாக நீ. உன் பெயரும், அதற்குக் கீழே வெள்ளி என்றும்.

அந்தப் பங்கை உன் அம்மா பெயருக்கு மாற்றும் மனு, எல்லாக் காகிதமும் சரியாக இருந்து, என்னிடம்தான் வந்தது. சரிபார்த்து நான் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். உன் பெயர் போய் அம்மா பெயர் வரும். மூன்று வாரம் அழுத்தவில்லை. தினம் திறந்து உன் புள்ளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினேன். உனக்கு நான் செய்கிற மரியாதை என்று அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா கூப்பிட்டார்கள். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்தார்கள். பிறகுதான் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்கள். மேப்பில் இப்போது உன் பெயர் வருகிறதாம். பெரியப்பா அதையும் பார்த்துவிட்டு, பங்கு அந்தப் பெண்ணுக்குத்தானே, அதுதான் போய்விட்டதே என்கிறாராம்.

"ஒனக்கு மனசு வரலன்னு தெரியுது கண்ணு. எனக்கு மட்டும் மனசு வந்தா கையெழுத்து போட்டேன்? நாத்து காயுதும்மா."

நீ இருந்தபோது பாப்பாவைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போட்டேன். நீ போனபின் உன்னையே சாக்காக வைத்தேன். இரண்டு தரமும் காய்ந்தது அம்மாவின் நாற்றுதான். ஃபோனை வைத்ததும் பட்டனை அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றி நின்றது. கிணற்றைத் தொட்டு விரித்துப் பார்த்தேன். ஏழு பேர். மூன்றாவதாக அம்மா.

இன்று வெள்ளிக்கிழமை. சற்றுமுன் அம்மா கூப்பிட்டு, மோட்டார் ஓடுகிற கிணற்றுத் தொட்டிப் பக்கம் ஃபோனை நீட்டினார்கள். தண்ணீர் விழுகிற சத்தம். பாப்பா அதைக் கேட்டுக் கைகொட்டினாள். நான் அழுதது அம்மாவுக்குக் கேட்டிருக்காது.

இப்போதெல்லாம் மேப்பில் எந்தப் புள்ளியையும் தொட்டுப் பார்க்காமல் தாண்ட முடிவதில்லை. அடியில் யாராவது இருப்பார்கள்.

உன் பொட்டைப் பாப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில், கண்ணாடியின் ஓரமாக வைத்தேன். நிற்கவில்லை, பசை காய்ந்துபோயிருந்தது. ஒரு சோற்றுப் பருக்கையை வைத்து அழுத்தினேன். நின்றது.