வெந்நீர் சுமந்தவள்

வேல்ஸ், பிப்ரவரி 1894

அன்புத் தங்கைக்கு,

வேலைநிறுத்தம் ஒன்பதாவது வாரம், பிள்ளைகள் பட்டினி, நான் தலையாட்டினால்தான் ஆண்கள் மறுபடி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்கு இறங்குவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாதா?

சுரங்கம் தீப்பிடித்த அன்று உன் கணவர் மெரிக்கின் உடலை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். என் கணவர் இத்வல் உள்ளே இருக்கும்போதே, தீயை அணைக்க என்று கம்பெனிக்காரன் சுவர் வைத்து அடைத்துவிட்டான். அதை உடைத்து அவரை வெளியே எடுக்கச் சொல்லித்தானே இந்தப் போராட்டம்?

அன்று உனக்கு வெந்நீர் சுமந்து வந்தவள் நான். தினமும் வேலை முடிந்து வந்ததும் தேய்த்துவிடுவதுபோலவே மெரிக்கின் முதுகைத் தேய்த்தபடி, "அக்கா, இந்தத் தழும்பைப் பாரேன். எப்பக் கேட்டாலும் ஒண்ணுமில்லடின்னே சொல்லுவாரு" என்று அழுதாய். சோப்பை வைத்துக்கொண்டு நின்ற எனக்கு வயிறு எரிந்தது. பிணத்தைக் குளிப்பாட்டுகிறவளைப் பார்த்து எவளாவது பொறாமைப்படுவாளா? நான் பட்டேன். இன்னும் படுகிறேன். ஞாயிறுதோறும் நீ கல்லறைக்குப் போகும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

சரி, இறங்கட்டும். நாளைக்கே சங்கத்தில் சொல்லிவிடுகிறேன். ஆனால் மெரிக்கைத் துடைத்த துண்டை எனக்குக் கொடுத்துவிடு. நீ அதைத் துவைக்காமல் வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

அதில் ஒட்டியிருப்பது இத்வல் கிடக்கிற அதே சுரங்கத்தின் கரிதானே.

உன் அக்கா